பாறை மேலிருந்து பார்த்தது

1

என் மகளுக்கு இந்தியா போக விசா வேண்டும். இதை எழுதும்போதே எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஒருத்தியின் மகள், ராஜபாளையத்தில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்குப் போக, சுவிட்சர்லாந்தின் தலைநகரத்தில் ஒரு கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் நின்று அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. போன வருடம் எங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. அன்றைக்கு அக்கம்பக்கத்தார் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்கு விலை இப்படி வந்து நிற்கும் என்று அப்போது தோன்றவில்லை.

ஷபானாவுக்குப் பதின்மூன்று வயது. இந்தக் கோடை விடுமுறைக்குத் தனியாகப் போகிறேன் என்கிறாள். விமானத்தில் ஒரு பணிப்பெண் பொறுப்பெடுத்துக்கொள்வாள், சென்னையில் என் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். பார்சலை வாங்குவது மாதிரிதான். ஆனால் சிறுமி தனியாகப் போவதற்குத் தாய், தகப்பன் இருவரும் சம்மதம் எழுதித் தர வேண்டும். என் கணவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்குத்தான் பேனா ஓடவில்லை. அந்தத் தாள் பல நாளாகச் சமையலறை மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் கிடக்கிறது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஷபானா அதைப் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள்.

நான்கு வருடமாக ஊர்ப் பக்கமே போகாமல் இருக்கிறேன். ஏன் வரவில்லை என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு லீவு இல்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லி வந்திருக்கிறேன். இரண்டும் உண்மையில்லை. எனக்குப் பயம்.

2

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் தையல்கடை. எங்கள் வீட்டுக்கு மொட்டைமாடி உண்டு. ஆனால் வயதுக்கு வந்த பிறகு நான் அதில் ஏறக் கூடாது. வத்தல் காயப்போடக்கூட அம்மாதான் ஏறுவாள்.

"மேல நின்னா ஊரே பாக்கும்ட்டி. கீழயே கெட" என்பாள்.

முற்றத்தில் நின்று அண்ணாந்தால் கோபுரத்தின் மேல்பாதி தெரியும். அதில் உட்கார்ந்திருக்கும் புறாக்களுக்கு எங்கள் தெரு எப்படித் தெரியும் என்று யோசித்திருக்கிறேன். யோசனையோடு சரி. கல்யாணமாகும் வரைக்கும் எந்த இடத்தையும் நான் மேலிருந்து பார்த்ததில்லை.

என் கணவர் ராஜபாளையத்தில் ஒரு நூல்மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில்லுக்கு வந்த வெளிநாட்டு மெஷினைப் பிரித்து மாட்டப் பழக அவரை இங்கே அனுப்பினார்கள். மெஷின் செய்கிற கம்பெனியே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1984இல் நான் வந்து சேர்ந்தேன். முதல் கோடையில் அவருடைய சிநேகிதர் ஒருவர் எங்களை ரோப் காரில் ஒரு மலைக்குக் கூட்டிப்போனார். பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். என் கணவர் மூடிக்கொண்டார். நான் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்றேன். கீழே வீடு, மாடு, வளைந்து போகிற சாலை, அதில் ஒரு மஞ்சள் பஸ். எல்லாவற்றையும் நான் பார்த்தேன். என்னை யாருமே பார்க்கவில்லை.

அந்த ருசி விடவில்லை. என் கணவர் பழைய ஜப்பான் கேமரா ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், அங்கே ஏறக்கூடிய உயரம் எது என்பதுதான் என் முதல் கேள்வி. லிஸ்பனில் கோட்டைச் சுவர். ஃபுளோரன்ஸில் மாதாகோவிலின் குறுகலான படிகளில் மூச்சு வாங்க ஏறி, ஊர் முழுக்கச் சிவந்து கிடந்த ஓட்டுக் கூரைகளைப் படமெடுத்தேன். அணைக்கட்டின் மேல், பனிமலையின் விளிம்பில், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்று நின்றிருக்கிறேன். கால் கூசியதே இல்லை.

ஷபானா நடக்கத் தொடங்கியதும் அவளும் படங்களுக்குள் வந்துவிட்டாள். பெரிய நிலத்தை எடுக்கும்போது அதில் ஒரு சின்ன ஆள் நின்றால்தான் அது எவ்வளவு பெரியது என்று தெரியும். சிவப்புச் சட்டை போட்டு அவளைக் கீழே அவருடன் நிறுத்திவிட்டு நான் மேலே ஏறுவேன். மேலிருந்து கத்தினால் வார்த்தை கேட்காது, சத்தம்தான் கேட்கும். அதனால் அவளுக்கு ஒன்று சொல்லிப் பழக்கியிருந்தேன். அம்மா கத்தினால் எழுந்து நில். என்னைப் பார். கையைத் தூக்கு. நான் கேமராவைப் பைக்குள் வைக்கிற வரைக்கும் அசையாதே. அவள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். காற்றில் முடி பறக்க, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, சிலை மாதிரி நிற்பாள். எல்லா ஊர்ப் படங்களிலும் அந்தச் சிவப்புப் புள்ளி இருக்கும்.

3

இந்த ஊரில் உயரமான இடத்தில் நிற்பதற்கும் ஒரு பயம் உண்டு என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டேன். அப்போது எங்களிடம் வருடா வருடம் புதுப்பிக்கிற தங்கும் அனுமதிதான் இருந்தது. வெளிநாட்டுக்காரர்களைக் கவனிக்கவென்றே ஒரு போலீஸ் ஆபீஸ் உண்டு. அங்கிருந்து கவர் வந்தால் என் கணவர் பிரிப்பதற்கு முன் கை கழுவிவிட்டு வருவார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

ஒரு நாள் கார் நிறுத்தும் கட்டடம் ஒன்றின் மேல்தளத்திலிருந்து ரயில் நிலையத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ போன் செய்திருக்கிறார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். முக்காடு போட்ட பெண், நீளமான லென்ஸ். இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள்.

போட்டோ எடுப்பதற்கு அவர்கள் மொழியில் 'சுடுவது' என்றும் சொல்வார்கள். மாலை வகுப்பில் புதிதாகக் கற்றது. பதற்றத்தில் 'போட்டோ' என்ற வார்த்தை விட்டுப்போயிற்று.

"இங்கிருந்து ஜனங்களைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

இருவரில் இளையவரின் கை இடுப்புக்குப் போனது. எனக்கு மற்ற வார்த்தைகளும் மறந்துபோயின. கேமராவைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி நின்றேன். மூத்தவருக்குப் புரிந்து சிரித்துவிட்டார். ஆனாலும் பெயர், முகவரி, அனுமதி எண் எல்லாம் எழுதிக்கொண்டுதான் போனார். அந்த வருடத்து அனுமதி வந்து சேரும் வரை எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. நாங்கள் கிசுகிசுவென்று பேசிக்கொள்வதைப் பார்த்து, நர்சரி போகிற ஷபானா அவர்கள் மொழியிலேயே, "நாம் எதையாவது உடைத்துவிட்டோமா?" என்று கேட்டாள். அவள் எங்களோடு தமிழில் பேசுவதை அந்த வயதிலேயே குறைத்திருந்தாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் அவர்கள் மொழியில் பதில் சொல்வாள். திருத்திப் பார்த்தோம். பிறகு விட்டுவிட்டோம்.

4

1994 அக்டோபரில் ஊருக்குப் போனோம். இங்கே பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால விடுமுறை. மேற்கொண்டு நான்கு நாள் கேட்டதற்கு டீச்சர் என்னை நேரில் வரச்சொல்லி, சொந்தங்களைப் பார்ப்பது முக்கியமான காரணம் ஆகாது என்று விளக்கினார். கிடைத்த நாட்களோடு கிளம்பினோம். என் கணவருக்கு லீவு இல்லை. நானும் ஷபானாவும் மட்டும். அவளுக்கு ஒன்பது வயது.

அப்போது அத்தாவும் அம்மாவும் இல்லை. சாகுல் அண்ணன் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்கிறார். அவருக்கும் ரஹ்மத் மதினிக்கும் பிள்ளைகள் இல்லை. மதினி ஷபானாவை இடுப்பிலிருந்து இறக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஒன்பது வயதுப் பிள்ளையை. மஞ்சள் பாவாடை சட்டை தைத்துப் போட்டுவிட்டார். இவளுக்கு மதினி பேசுவது புரியாது, மதினிக்கு இவள் பேசுவது புரியாது. இரண்டு பேரும் ஓயாமல் பேசினார்கள்.

எனக்கு அந்தப் பயணத்தில் ஒரு படம் வேண்டும். பத்து வருடத்தில் எத்தனையோ ஊர்களை உயரத்திலிருந்து எடுத்துவிட்டேன். உங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று இங்கே யாராவது கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. அண்ணனிடம் சொன்னேன்.

"அய்யனார் கோவில் மேல ஒரு பாறை இருக்கு. அங்கன ஏறுனா ராஜபாளையம் பூராத் தெரியும். எம்புட்டுப் படம் வேணும்னாலும் எடு" என்றார்.

அண்ணனுடைய வேனில் நாங்கள் நான்கு பேரும் போனோம். வழியில் வனத்துறை ஆள் ஒருவர் நிறுத்தினார்.

"மலைக்கு உள்ளாற மப்பா இருக்கு. வெள்ளனா எறங்கிருங்க."

"ஒரு போட்டா எடுத்துட்டு வந்துருதோம் அண்ணாச்சி" என்றார் அண்ணன்.

அவர் விலகி வழி விட்டார். எங்கள் தலைக்கு மேலே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

கோவிலை ஒட்டி ஓடும் ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. நடு ஆற்றில் ஒரு தட்டையான பாறை. மதினி அதில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். ஷபானா தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டாள். அவர்களை அங்கே விட்டுவிட்டு, கோவில் கரையிலிருந்து அண்ணனும் நானும் மேலே ஏறினோம். அண்ணன் பையைச் சுமந்துகொண்டார்.

பாறை உச்சிக்கு வந்து திரும்பினேன். தென்னந்தோப்புகள், அவற்றுக்கு நடுவே பளபளக்கும் கண்மாய்கள், மில் புகைபோக்கிகள், வெள்ளையும் சிவப்புமாய் நெருக்கியடித்துக் கிடக்கிற வீடுகள், சஞ்சீவி மலை. வெகுதூரத்தில், வெயில் மூட்டத்துக்குள் ஒரு முள்ளைப் போல ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஏறக் கூடாத மாடி அந்த முள்ளுக்குக் கீழே எங்கேயோ இருந்தது. எடுத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு வழக்கப்படி ஷபானாவையும் ஒரு படத்தில் வைக்க நினைத்து லென்ஸைக் கீழே திருப்பினேன். மஞ்சள் பாவாடை தெரிந்தது. மதினி அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். படத்தில் ஆறும் வரட்டும் என்று லென்ஸை மேற்கே நகர்த்தினேன். அவர்களுக்கு மேலே ஆறு ஒரு இடத்தில் வளைந்து மறையும். அந்த வளைவுக்கு அப்பால், அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்க முடியாத பகுதியில், தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை இலைகளோடு ஒரு முழுக் கிளை அதில் உருண்டு வந்தது. மலைக்குள் பெய்த மழை வந்துகொண்டிருந்தது.

கத்தினேன்.

ஆற்றுச் சத்தத்தைத் தாண்டி அது கீழே போய்ச் சேர்ந்தது. ஷபானா சட்டென்று எழுந்தாள். என் பக்கம் திரும்பினாள். ஒரு கையைத் தூக்கினாள். சிரித்தாள். அப்படியே நின்றாள்.

"ஓடு, மேலே ஏறு" என்று தமிழில் கத்தினேன். அவள் மொழியில் கத்தினேன். கையை வீசி வீசிக் காட்டினேன். அவள் இன்னும் நிமிர்ந்து நின்றாள். மதினியும் என்னைப் பார்த்துவிட்டு, படம் எடுக்கிறேன் என்று எண்ணி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்தில் எழுந்து நின்றார்.

"என்னட்டி, ஏன் இப்பிடிக் கத்துத?" என்றார் அண்ணன்.

"தண்ணி வருதுண்ணே."

அவர் பார்த்தார். அவரும் "ரஹ்மத்து, ரஹ்மத்து" என்று கத்தத் தொடங்கினார். கீழே இரண்டு பேரும் அசையாமல் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவைப் பைக்குள் வைத்தால்தான் அவள் அசைவாள். பை அண்ணன் தோளில் இருந்தது. எனக்கு அப்போது அதெல்லாம் ஓடவில்லை. கேமரா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது மட்டும்தான் தெரிந்தது. வாரைத் தலைக்கு மேலே கழற்றி, கேமராவைப் பாறையிலிருந்து கீழே வீசி எறிந்தேன்.

அது ஒருமுறை பாறையில் பட்டுத் தெறித்தது. கண்ணாடி மினுங்கியது. ஷபானாவின் கை இறங்கியது. அவள் வாய் திறந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. மதினி அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு முதல் தடவையாகத் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது கொஞ்சம்தான். மதினி அவள் சடையைப் பிடித்து இழுத்தார். அக்கரைதான் அவர்களுக்குப் பக்கம். அந்தப் பக்கம் ஓடினார்கள். கரையோரத்து மரங்கள் அவர்களை மறைத்தன. அவர்கள் கரையேறினார்களா, ஏறுவதற்கு முன்பே மரத்துக்குப் பின்னால் விழுந்தார்களா, தெரியவில்லை. ஆறு வந்தது. தட்டைப் பாறை இருந்த இடத்தில் பாறை இல்லை. சோற்றுப் பாத்திரம் ஒருமுறை மின்னிவிட்டு மறைந்தது.

"நீ இங்கனயே இரு. அசையாத" என்று சொல்லிவிட்டு அண்ணன் கீழே ஓடினார்.

நானும் இறங்கத் திரும்பினேன். அப்போதுதான் கால் வரவில்லை. பாறையின் விளிம்பைப் பார்த்தேன். கீழே இருக்கும் மரங்கள் என்னை நோக்கி மேலே வருவது போலவும், பாறை சாய்வது போலவும் இருந்தது. கோபுரங்களிலும் பனிமலைகளிலும் சாவகாசமாக நின்ற நான், நாலுகாலில் ஊர்ந்து ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அங்கிருந்து ஊர் முழுக்கத் தெரிந்தது. கண்மாய், மில், தூரத்துக் கோபுரம் எல்லாம் தெரிந்தன. என் பிள்ளை மட்டும் தெரியவில்லை. மழை எங்கள் பக்கமும் இறங்கியது. உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு கல்லாகத் தேய்த்துத் தேய்த்து இறங்கினேன். நடுவழியில் உடைந்த லென்ஸின் வளையம் ஒன்று கிடந்தது. அதைத் தாண்டி வந்தேன்.

5

கீழே ஆறு இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. அதன் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. அண்ணன் தண்ணீர் ஓரத்தில் நின்று மதினி பெயரைக் கத்திக்கொண்டிருந்தார். கோவிலுக்கு வந்தவர்கள் சிலர் கரையில் கூடியிருந்தார்கள். பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர், வயதான ராஜு சமூகத்துக்காரர், தன் ஆளை மோட்டார் சைக்கிளில் தீயணைப்பு நிலையத்துக்கு விரட்டினார். என்னைப் பார்த்து, "ஏமி காதம்மா, ஏமி காது" என்று தெலுங்கில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்றும் ஆகாது என்று சொல்கிறார், புரிந்தது. ஆனால் அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"அந்தக் கரைல பொழுது சாய யானை எறங்கும்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அவரை யாரோ அடக்கினார்கள்.

மழை கொஞ்சம் விட்டபோது அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"அங்க பாரு. மஞ்சளா தெரியுதா?"

அக்கரையில், மேட்டின் மேல், புதர்களுக்கு நடுவே ஷபானா நின்றுகொண்டிருந்தாள். தனியாக. நான் கத்திக் கூப்பிட்டேன். அவள் திரும்பினாள். கையைத் தூக்கவில்லை. தன் காலடியில் தரையைக் காட்டினாள். திரும்பத் திரும்பத் தரையையே காட்டினாள். பக்கத்தில் மதினி இல்லை.

அண்ணனின் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். என் பிள்ளை உயிரோடு நிற்கிறாள் என்ற நிம்மதி எனக்குள் பொங்கிக்கொண்டிருந்த அதே நொடியில் அவர் முகம் அப்படி இருந்தது. 

ஷபானா குனிந்தாள். குனிந்து எதையோ பிடித்துத் தூக்கினாள். புதருக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது. வளையல் போட்ட கை. அது இரண்டு தடவை ஆடியது.

அண்ணன் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் சற்று வடிந்த பிறகு தீயணைப்புக்காரர்களும் தோப்பு ஆட்களும் கயிறு கட்டி அக்கரைக்குப் போனார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஷபானாவை ஒருவர் தோளில் வைத்துக் கொண்டுவந்தார். நடு ஆற்றில் அவர் ஒருமுறை தடுமாறி நிமிர்ந்தார். என் கைக்கு வந்து சேர்ந்ததும் அவள் அழவில்லை. உதடு நீலமாக இருந்தது. அவள் மொழியில் என்னைக் கேட்டாள்.

"கேமரா உடைந்துவிட்டதா?"

மதினிக்கு வலது பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டி முறிந்திருந்தது. கரையேறும் இடத்தில் மாட்டியிருக்கிறது. பிள்ளையை முதலில் மேலே தள்ளிவிட்டு, காலைத் திருகி எடுத்து, முழங்காலால் ஊர்ந்து மேட்டுக்குப் போயிருக்கிறார். மதுரை ஆஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள். நாங்கள் கிளம்புவதற்கு முன்தினம் போய்ப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் நின்றேன். ஷபானா எனக்கு ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். அந்தக் கரையில் மாமி வாயை மூடாமல் பேசிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தைகூடத் தனக்குப் புரியவில்லை என்று. அதைக் கேட்டேன்.

"என்னத்தப் பேசுனீங்க மதினி?"

"என்னத்தையோ பேசுனேன். கொழம்புக்கு வத்தல் எம்புட்டுப் போடணும், வெங்காயம் எப்பிடி வதக்கணும்னு. பொறவு ஒங்கண்ணன் கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ள சட்டைய மறந்துட்டு வந்த கதைய. வாய மூடுனா அழுதுருவேன்லா. நான் அழுதா பிள்ள பயந்துரும்."

"என்னால வந்த வெனை மதினி" என்றேன்.

"ஏட்டி, நீ மேல நிக்கப் போயிதான நாங்க இருக்கோம். கீழ எங்களுக்கு என்ன தெரிஞ்சுது? போ, பிள்ளைக்கு டீ வாங்கிக் குடு."

அவர் அப்படிச் சொன்னதை நான் எத்தனையோ தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயம் கேட்கவில்லை. இங்கே திரும்பிய பிறகு எங்கள் மூன்றாவது மாடி பால்கனியில் துணி காயப்போடுவதையே விட்டுவிட்டேன். ஷபானா பாலத்தில் கைப்பிடி ஓரமாக நடந்தால் கத்திவிடுவேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "அம்மா, இங்கே யாரும் இப்படிக் கத்துவதில்லை" என்று அவள் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். நாளாக ஆக அவள் தள்ளி உட்காரும் தூரம் கூடியது. நான் கத்துவேன் என்பதற்காகவே பள்ளிக்கூடச் சுற்றுலாக்களைப் பற்றி என்னிடம் சொல்வதை நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ராஜபாளையத்துக்குப் போன் போட்டு மாமியிடம் பேசுவாள். போன் வயரை இழுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். என்ன பேசுகிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பில் மட்டும் வரும்.

6

இதை நான் எழுதத் தொடங்கிய பிறகு, போன வாரம் அவளே பேச்சை எடுத்தாள். உப்பு ஜாடியைத் தூக்கி, அடியில் இருந்த தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள்? ஆற்றுக்கா?"

"ஆமா."

"ஆற்றில் நான்தானே இருந்தேன்."

அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று புரியவில்லை. அவளே சொன்னாள்.

"எனக்கு அன்றைக்கு அவ்வளவு பயம் இல்லை, அம்மா. மாமி என் முடியை விடவே இல்லை. பிறகு கையை விடவே இல்லை. பேசிக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் மேலே தனியாக இருந்தீர்கள். பிடித்துக்கொள்ள யாருமில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமிக்கு இப்போதும் கால் வலிக்கிறதாம். உங்களிடம் சொல்ல மாட்டார்கள்" என்றாள்.

நான்கு வருடமாக நான் கேட்காமல் விட்டது அது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், நான் தூக்கிச் சுமக்க வேண்டிய ஒரு பதில் வந்துவிடும் என்று போனில் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். மலைப்பக்கம் கூட்டிப்போகக் கூடாது, அருவி கூடாது, கண்மாய்க் கரை கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"செண்பகத்தோப்பு அருவிப் பக்கம்கூடத் தலவச்சுப் படுக்க மாட்டோம். போதுமா? கையெழுத்தப் போடு" என்றார்.

போட்டேன். எழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. தூதரகத்துச் சன்னலில் இருந்தவர் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு முறை போடச் சொன்னார்.

நேற்று அவளை ஏற்றிவிட்டோம். கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக் கூட்டிப்போனார்கள். அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். விமான நிலையத்தில் மேலே ஏறிப் பார்ப்பதற்கு ஒரு திறந்த மாடி உண்டு. என் கணவர் வேண்டாம் என்றார். நான் ஏறினேன். கைப்பிடியிலிருந்து தள்ளி, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். புதுக் கேமரா பைக்குள்ளேயே இருந்தது. எந்த விமானம் அவளுடையது என்று தெரியவில்லை. அது என்று நினைத்த ஒன்று ஓடி, தலை தூக்கி, மேகத்துக்குள் போனது. இறங்கும்போது என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளங்கையும் ஈரமாக இருந்தது.

இன்றைக்கு மத்தியானம் ராஜபாளையத்துக்கு லைன் கிடைத்தது. மதினிதான் எடுத்தார்.

"வந்து சேந்துட்டாட்டி. ஒன்னைய மாதிரியே ஒசந்துட்டா."

"சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. மொட்டமாடில நிக்கா. வந்ததுலருந்து அங்கனயேதான். மலையப் பாத்துக்கிட்டு நிக்கா."

 அந்த மாடியின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான்.

"மதினி, கீழ எறங்கி வரச் சொல்லுங்க."

"சொன்னேன்."

"பொறவு?"

மதினி சிரித்துக்கொண்டே மேலே பார்த்து அவளைக் கூப்பிடுவது கேட்டது. மேலே மாடியிலிருந்து ஒரு குரலும் கேட்டது. அது என் மகளின் குரல் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"செத்த நேரம் மாமி, வாரேன்."